முனைவர் பட்டத்திற்குப் பின்: கணிப்பு உயிரியலில் ஆய்வுப் பணி தேடும் முறை

டாக்டர் பட்டம் பெற்ற ஒருவர் மேலும் ஒருவரிடம் சென்று பயிற்சி பெறவேண்டுமோ? இவ்வினாவை என்னிடம் கேட்டவர் ஒரு தாய். சிம்பாங் அம்பாட்டை அடுத்த தோட்டமொன்றில் செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கி மகளைப் படிக்கவைத்தவர். அம்மகள் எங்கள் பள்ளியில் பயின்றவள். பின்னர்ப் பல்கலைக் கழகம் சென்று கணிப்பு உயிரியல் என்னும் துறையில் ஆராய்ந்து முனைவர் ஆனவள்.

"எம் மக டாக்டரு ஆயிட்டான்னு சொன்னீங்க, வாத்தியாரையா. எந்த ஆஸ்பத்திரியிலன்னு ஊர்ல கேக்கிறாங்க. ஆஸ்பத்திரியும் இல்ல, வேலையும் இல்ல. இன்னும் ஒருத்தர்கிட்ட போயி இருந்து கத்துக்கணுமாம். இது என்ன படிப்புங்கய்யா?" என்றார் அவர்.

அன்று அத்தாய்க்குத் தக்க விடை கூற நான் அறிந்திலேன். அதற்கு முன்பே ஒரு பிழையும் செய்திருந்தேன். பட்டம் பெற்ற புதிதில் அம்மாணவி என்னிடம் யோசனை கேட்டாள். "பொறுத்திரு, நாளிதழில் விளம்பரம் வரும், வந்ததும் விண்ணப்பம் செய்" என்றேன். நான் அறிந்த உலகம் அதுதான். ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றதும் தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்றதும் மேலிடத்து அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்தே அல்லவா? அவள் பொறுத்திருந்தாள். அடுத்த பட்டணத்தில் தனி வகுப்பு நடத்திக்கொண்டே இரண்டாண்டு பொறுத்திருந்தாள். அவள் எண்ணிய உதவித்தொகை ஒன்றின் கெடு அதற்குள் கடந்துவிட்டது. இத்துறையில் காலம் பட்டம் பெற்ற நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதைப் பிறகே அறிந்தோம்.

அப்பிழைக்குக் கழுவாயாக, நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை ஈண்டு எழுதுகின்றேன். நம் பள்ளிகளில் பயின்று முனைவர் ஆகின்றவர்கள் இன்று அங்கங்கே இருக்கின்றனர். அவர்கள் முதலில் யோசனை கேட்க வருவது பழைய ஆசிரியரிடமே.

பணியின் இயல்பு

ஆய்வுக் கூடங்களில் 'போஸ்ட்டாக்' என்று வழங்கும் இப்பணியைத் தமிழில் பின்முனைவர் ஆய்வுப் பணி எனலாம். இது மாணவ நிலையன்று, ஊதியம் உண்டு. நிலையான உத்தியோகமும் அன்று. ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு எனக் கால வரையறை உடையது. முனைவர் பட்டத்திற்கு ஆராய்பவர், பெரும்பாலும் தம் ஆசிரியர் காட்டிய வினாவுக்கு விடை தேடுகிறார். பின்முனைவர் ஆய்வாளரோ, வேறொரு பேராசிரியரின் கூடத்தில் அமர்ந்து, தமக்குரிய வினாவை எழுப்பக் கற்கிறார். பல்கலைக் கழகத்தில் விரிவுரையாளராகவோ ஆராய்ச்சி நிலையத்தில் தனிக் குழுவின் தலைவராகவோ வர விழைவோர்க்கு, உயிரியல் துறைகளில் இஃது ஏறத்தாழ இன்றியமையாத படியாகிவிட்டது.

நம் தொழிலிலிருந்தே ஓர் ஒப்புமை கூறலாம். பயிற்சிக் கல்லூரியில் தேறியவுடன் ஒருவர் நல்லாசிரியர் ஆகிவிடுவதில்லை. முதிர்ந்த ஆசிரியர் ஒருவரின் அடுத்த வகுப்பறையில் சில ஆண்டு பாடம் நடத்திய பின்னரே கை தேர்கிறது. அத்தாய்க்கு நான் பின்னாளில் கூறிய விடையும் இதுவே. "உங்க மக கத்துக்கிட்டது போதாதுன்னு இல்லம்மா. கத்துக்கிட்டதை வச்சு வேற இடத்துல தனியா செஞ்சு காட்டுற காலம் இது. சம்பளம் உண்டு" என்றேன். சம்பளம் உண்டு என்ற சொல்லுக்குப் பின்தான் அவர் முகம் தெளிந்தது.

துறையின் இயல்பு

கணிப்பு உயிரியல் என்றவுடன் நம்மில் பலர் விலகி நிற்பர். தமிழாசிரியர்க்கு இதன் அடிப்படை புதிதன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபொழுது என்ன செய்தார்? பல ஊர் ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, பாடபேதங்களைக் குறித்து, மூலபாடம் எதுவாக இருக்கும் என ஆராய்ந்தார். உயிரியலார் செய்வதும் இத்தகையதே. மனிதனின் மரபணுத் தொகுதி நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு. அதன் நீளம் ஏறத்தாழ 300 கோடி எழுத்து. 1990ஆம் ஆண்டில் தொடங்கிய மனித மரபணுத் தொகுதித் திட்டம் 2003ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. ஒருவரது ஏட்டுக்கும் மற்றொருவரது ஏட்டுக்கும் இடையே உள்ள பாடபேதங்களுள் எது நோய்க்குக் காரணம், எது வாளா கிடப்பது என்று கணினியின் துணையால் ஆராய்வதே இத்துறையின் பெரும் பகுதி.

இவ்வொப்புமை என் கற்பனையும் அன்று. உயிரினங்களின் கால்வழியைக் கணிக்கும் முறையைக் கொண்டே, ஆங்கிலக் கவிஞர் சாசரின் காண்டர்பரிக் கதைகளின் கைப்பிரதிகளுள் எது எதிலிருந்து பெயர்த்து எழுதப்பட்டது எனக் கணித்து, 1998ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது.

நம் மண்ணின் சான்று

நிற்க. எண்ணிப் பார்த்து நோயை அறியும் முறைக்கு மலாயா நாடே ஒரு பெருஞ்சான்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை இந்நோய் வாட்டியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களை அது பெரும்பாலும் அணுகவில்லை. இதனை 1907ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அரிசியில் ஒரு நச்சு உண்டாவதே காரணம் என அவர் கருதியது தவறு, எண்ணிக்கையோ சரி. 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நிறுவப்பெற்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டேன்டன் என்னும் இருவர், நெகிரி செம்பிலானில் சாவகத் தொழிலாளரிடையே ஆராய்ந்து, தீட்டும்பொழுது தவிட்டோடு நீங்கிவிடும் ஏதோ ஒரு பொருளின் குறைவே நோய்க்குக் காரணம் என 1909ஆம் ஆண்டில் காட்டினர். அப்பொருளே பின்னர் வைட்டமின் பி1 எனப்பட்டது. நம் பாட்டிமார் உலையிலிட்ட அரிசி உலக மருத்துவத்திற்கு ஒரு தடயமாயிற்று!

அண்மைக் காலச் சான்றும் உண்டு. 1998, 1999ஆம் ஆண்டுகளில் பேராவிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளைச் சார்ந்து பரவிய மூளைக் காய்ச்சல் 265 பேரைப் பற்றி 105 பேரைக் கொன்றது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் எண்ணினர். மலாயாப் பல்கலைக் கழகத்தில் மருத்துவர் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் பிரித்தெடுத்த கிருமி புதியதெனத் தெரிந்தது. அதன் மரபணு எழுத்துகளை ஒத்துப் பார்த்ததில், 1994ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட ஹெண்ட்ரா கிருமியின் உறவு எனப் புலனாயிற்று. சுங்கை நீப்பா என்னும் சிற்றூரின் பெயரே அதற்கு இடப்பட்டது. அவ்வூர் அடுத்த மாநிலத்திலேயே உள்ளது. ஆகவே இத்துறை நமக்குத் தொலைவில் இல்லை.

கிண்டியில் பிறந்த வரைபடம்

தமிழகத்திற்கும் இத்துறையில் மூத்த உரிமை உண்டு. ஜி. என். இராமச்சந்திரன் 1952ஆம் ஆண்டில், முப்பது வயதில், சென்னைப் பல்கலைக் கழக இயற்பியல் துறைத் தலைவரானார். தோலுக்கும் நாணுக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் மும்முறுக்கான கயிறு போன்றது என்பதைக் கோபிநாத் கர்த்தாவுடன் 1954, 1955ஆம் ஆண்டுகளில் விளக்கினார். பின்னர் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரதச் சங்கிலியின் கணுக்கள் எவ்வெக் கோணங்களில் திரும்ப இயலும், எவற்றில் இயலாது எனக் கணக்கிட்டு 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார். 'இராமச்சந்திரன் வரைபடம்' என உலகெங்கும் பாடநூல்களில் உள்ள படம் இதுவே. இன்றைய கணினிகள் இல்லாத நாளில் செய்த கணக்கு அது.

இன்று நிலைமை வேறு. புரதத்தின் வடிவை அதன் எழுத்து வரிசையிலிருந்தே முன்னறிந்து கூறும் ஆல்ஃபாஃபோல்டு என்னும் கணினி முறைக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோரும், புதிய புரதங்களைக் கணினியால் வடிவமைத்தமைக்காக டேவிட் பேக்கரும் 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசைப் பெற்றனர். ஆயினும் ஒரு புரத வடிவம் சரியானதா எனச் சோதிக்க ஆய்வாளர் இன்றும் இராமச்சந்திரன் வரைபடத்தை நாடுகின்றனர்.

இதில் நம் மாணவர்க்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. 1971ஆம் ஆண்டில் தொடங்கிய புரதத் தரவு வங்கி போன்ற கருவூலங்கள் எவர்க்கும் இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. விலையுயர்ந்த கருவிகள் இன்றியே, சிம்பாங் அம்பாட்டிலிருந்துகொண்டே அவற்றை எடுத்து ஆராயலாம். பணியில்லாத மாதங்களிலும் கையை ஓயவிடாமல் இருக்க முடிகின்ற அறிவியல் துறைகள் சிலவே. அவற்றுள் இஃது ஒன்று.

இருவகை வாயில்கள்

இனிப் பணி தேடும் முறைக்கு வருவோம். வாயில்கள் இரண்டு.

முதலாவது, பேராசிரியர் ஒருவர் தம் திட்டத்திற்குப் பெற்றுள்ள நிதியிலிருந்து அளிக்கும் பணி. அதற்கு அவர் விளம்பரம் செய்வார். பல்கலைக் கழக வலைத்தளங்களிலும், 'நேச்சர்', 'சயின்ஸ்' இதழ்களின் வேலைப் பக்கங்களிலும், உலகக் கணிப்பு உயிரியல் சங்கத்தின் பக்கங்களிலும் அவற்றைக் காணலாம். ஆனால் விளம்பரம் வருமுன்னரே, தமக்குக் கடிதம் எழுதிய ஒருவரை மனத்தில் கொண்டிருக்கும் பேராசிரியர் பலர். நான் தவறியது இவ்விடத்தில்தான். விளம்பரத்தை மட்டும் நோக்கியிருப்பவர் பாதி வழியையே அறிந்தவர்.

இரண்டாவது, ஆய்வாளர் தம் பெயரிலேயே வென்று எடுத்துச் செல்லும் உதவித்தொகை. எம்போ எனப்படும் ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் அமைப்பின் உதவித்தொகைக்கு, பட்டம் பெற்று ஈராண்டுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் மரீ ஸ்க்வொடோவ்ஸ்கா கியூரி அம்மையார் பெயரால் வழங்கும் உதவித்தொகை எந்நாட்டவர்க்கும் உரியது. பட்டத்திற்குப் பின் எட்டாண்டு வரை இடம் தருவது. ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலிருந்து நடைபெறும் மனித எல்லைப்புற அறிவியல் திட்டம், இயற்பியல், கணிதம், கணினி போன்ற துறைகளில் பட்டம் பெற்று உயிரியலுக்கு வர விரும்புவோர்க்கெனத் தனி உதவித்தொகை வைத்திருக்கிறது. இவற்றின் விதிகள் மாறக்கூடியவை. ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் படித்தே இறங்கவேண்டும். உதவித்தொகை எதுவாயினும் தம்மை ஏற்கும் பேராசிரியரை முன்னரே பெற்றிருத்தல் வேண்டும். எனவே இரண்டு வாயில்களும் கடைசியில் ஒரு கடிதத்திற்கே கொண்டுவந்து விடுகின்றன.

எங்கே எழுதலாம்? இந்நாட்டில் மலாயாப் பல்கலைக் கழகம், தேசியப் பல்கலைக் கழகத்தின் அமைப்பு உயிரியல் கழகம், மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதலியவற்றை நினைவில் கொள்ளலாம். சிங்கப்பூரில் 2001ஆம் ஆண்டில் தோன்றிய உயிர்த்தகவலியல் கழகம் உண்டு. சென்னையில், 1962ஆம் ஆண்டில் அல்லாடி இராமகிருஷ்ணன் நிறுவிய கணித அறிவியல் நிலையத்தில் கணிப்பு உயிரியல் குழு ஒன்று இயங்குகிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜை அடுத்த ஹிங்ஸ்டன் சிற்றூரில் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் கழகம் உள்ளது.

எப்பொழுது எழுதலாம்? பட்டம் கைக்கு வந்த பின்னன்று. ஆய்வேட்டை முடிக்க ஆறு மாதமோ ஓராண்டோ இருக்கும்பொழுதே எழுதத் தொடங்கவேண்டும்.

ஓலையும் பாயிரமும்

அக்கடிதம் எவ்வாறு அமைதல் வேண்டும்? இதற்குரிய இலக்கணம் நம்மிடமே உள்ளது. பவணந்தி முனிவர் நன்னூலில் சிறப்புப் பாயிரத்திற்கு எட்டுப் பொருள்களைக் கூறுகிறார் என்பதைத் தமிழாசிரியர்க்கு நான் நினைவூட்ட வேண்டுவதில்லை. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. ஆய்வுப் பணிக்குரிய கடிதத்தை இவ்வெட்டோடும் பொருத்திப் பார்த்தேன். நன்கு பொருந்துகிறது.

ஆக்கியோன் பெயரோடு, பட்டம் முடியும் நாள் கூறப்படல் வேண்டும். வழி என்பது யாரிடம் பயின்றார் என்பது. எல்லை என்பது தாம் அறிந்தது இது, அறியாதது இது என்னும் நேர்மை. நூற்பெயர், வெளிவந்த கட்டுரைகள். யாப்பு, கையாண்ட முறைகள். பைத்தான், ஆர் போன்ற கணினி மொழிகளுள் எதில் பயிற்சி, எழுதிய நிரல்களைப் பிறர் பார்க்க எங்கே வைத்திருக்கிறார் என்பன. நுதலிய பொருள், விடை தேட விரும்பும் வினா. கேட்போர் என்பதில்தான் பலர் இடறுகின்றனர். ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி நூறு பேருக்கு விடுப்பர். அது படிக்கப்படாமலே நீக்கப்படும். கடிதம் பெறுகின்றவரின் கட்டுரை ஒன்றையாவது முழுதும் படித்து, அதிலிருந்து எழும் அடுத்த வினா இது என ஒரு பத்தியில் எழுதுபவர்க்கே மறுமொழி வரும். பயன் என்பது, தம்மால் அக்கூடத்திற்கு விளையும் நன்மை. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கவேண்டும்.

இன்னும் ஒன்று. சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியன் தானே கூறுதல் கூடாது. அவன் ஆசிரியனும், உடன் கற்றவனும், மாணாக்கனும், உரைகாரனும் கூறவேண்டும் என்பது நன்னூல் மரபு. இக்காலத்தில் கேட்கும் பரிந்துரை மடல்கள் இவையே. பெரும்பாலும் மூன்று கேட்பர். ஆய்வு நெறியாளர் ஒருவர், உடன் ஆராய்ந்தவர் ஒருவர், ஆய்வேட்டைத் தேர்ந்தவர் ஒருவர் என அமைந்தால் நன்று. கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே அவர்களைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

அப்படியாயின் தன்னைத் தானே புகழ்தல் தகாதா? எங்கள் மாணவி எழுதிய கடிதத்தைப் பார்க்கும்படி என்னிடம் கொண்டுவந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் கட்டுரைகளைத் திருத்தியவன் நான். கடிதம் பிழையற்ற ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் அவளை அதில் காணோம். "எங்கள் குழு இதைச் செய்தது", "இம்முறை கையாளப்பட்டது" என்றே வரிதோறும் இருந்தது.

"இந்தக் கணக்கைப் போட்டது யாரம்மா?" என்று கேட்டேன்.

"நான்தான், ஐயா."

"இந்த நிரலை எழுதியது?"

"அதுவும் நான்தான். ஆனா நானே சொன்னா நல்லாவா இருக்கும்?"

அவளுக்கு நன்னூலை எடுத்துக் காட்டினேன். புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளத் தகும் இடங்கள் எனப் பவணந்தியார் நான்கு கூறுகிறார். அரசன் அவைக்கு ஓலை விடுக்கும்பொழுது. தன் ஆற்றலை உணராதவரிடையே. அவையில் வாதிட்டு வெல்லும்பொழுது. எதிரி தன்னைப் பழித்த காலத்து. இவற்றுள் முன்னைய இரண்டும் அவளுக்கு அப்படியே பொருந்துகின்றன அல்லவா? அவள் விடுப்பது ஓலை; பெறுகின்றவரோ அவள் ஆற்றலை அறியாதவர். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நம் இலக்கணம் தந்த உரிமையை, அடக்கம் என்ற பெயரால் நம் பிள்ளைகள் விட்டுவிடுகின்றனர். வகுப்பில் "நான் செய்தேன்" என்ற பிள்ளையை எத்தனை முறை "பெருமை பேசாதே" என்று அடக்கியிருப்போம் என எண்ணிப் பார்த்தேன். செய்யாததைச் செய்ததாகக் கூறுதலே தற்புகழ்ச்சி. செய்ததைச் செய்தேன் என்பது சான்று.

ஐம்பது விண்ணப்பங்கள்

மறுமொழி வாராமை இத்துறையில் இயல்பு. இரு வாரம் கழித்து ஒருமுறை பணிவோடு நினைவூட்டலாம். பின்னும் வாராதாயின் அடுத்தவருக்கு எழுதவேண்டும். இதனால் மனம் தளர்வோர், 1952ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனின் வரலாற்றை அறிதல் நலம். 1976ஆம் ஆண்டில் ஒகையோ பல்கலைக் கழகத்தில் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றவர் அவர். பட்டம் பெற்ற பின்பு, தம் துறை உயிரியலே எனத் தெளிந்து, கலிபோர்னியாவில் மீண்டும் மாணவராகவே அமர்ந்து ஈராண்டு உயிரியல் பயின்றார். 1978 முதல் 1982 வரை யேல் பல்கலைக் கழகத்தில் பீட்டர் மூர் என்பாரிடம் பின்முனைவர் ஆய்வாளராக இருந்தார். அங்குதான் புரதங்களைச் செய்யும் ரைபோசோம் அவர் ஆராய்ச்சிப் பொருளாயிற்று. பின்னர் அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் ஏறத்தாழ ஐம்பதுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியர் பணி கிட்டவில்லை. ஓக் ரிட்ஜ், புரூக்ஹேவன் ஆகிய ஆய்வுக் கூடங்களில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1999ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சென்றார். 2009ஆம் ஆண்டில், அந்த ரைபோசோமின் அமைப்பை விளக்கியமைக்காகத் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் வேதியியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எல்லோரும் நோபெல் பரிசு பெறுவர் என்பதற்காக இதனைக் கூறவில்லை. உண்மையைச் சொன்னால், பின்முனைவர் ஆய்வாளர் அனைவர்க்கும் போதிய பேராசிரியர் பதவிகள் உலகில் இல்லை. பலர் மருத்துவமனைகளின் ஆய்வுப் பிரிவுக்கும், மருந்து நிறுவனங்களுக்கும், தரவு ஆராயும் பணிக்கும் செல்கின்றனர். அது தோல்வியன்று. ஆயினும் இதை முன்னரே அறிந்து செல்வது நலம். ஆதலின் நேர்முகத்தில், தாம் செய்த ஆய்வைத் தெளிவாக எடுத்துரைப்பதோடு, தாமும் சில வினாக்களைக் கேட்கவேண்டும். நிதி எத்தனை ஆண்டுக்கு உறுதி? இக்கூடத்தில் முன்பு இருந்தவர்கள் இன்று எங்கே இருக்கின்றனர்? நான் தொடங்கும் ஆராய்ச்சியை நான் போகும்பொழுது எடுத்துச் செல்லலாமா? இம்மூன்றையும் கேட்பது மரியாதைக் குறைவன்று. கூடத்தில் பணியாற்றும் இளையவர் ஒருவரிடம் தனியே பேசிப் பார்த்தலும் நன்று.

ஆசிரியர் செய்யத்தக்கவை

நாம் கணினி நிரலைத் திருத்த வல்லமல்லேம். ஆயினும் நம்மால் இயல்வன சில உள. டாக்டர் என்பதில் நோய் தீர்ப்பவர், ஆராய்பவர் என இருவகை உண்டென்பதைப் பெற்றோர்க்கு விளக்கலாம். 'வெளியூர் போகவேண்டாம்' எனத் தடுக்கும் வீட்டாரிடம், குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் வீட்டாரிடம், போவது இன்னது, ஊதியம் இவ்வளவு, திரும்புவது இன்ன ஆண்டு என எடுத்துரைக்கலாம். நம் சொல்லுக்கு அவ்வீடுகளில் இன்னும் மதிப்பு இருக்கிறது. பட்டம் பெறும் நாளைக் கேட்டறிந்து, 'கடிதம் எழுதத் தொடங்கிவிட்டாயா?' என்று வினவலாம். பொறுத்திரு என்று மட்டும் கூறாதிருப்போமாக.

எங்கள் மாணவி கடிதத்தைத் திருத்தி எழுதி, ஒன்பது பேருக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடுத்தாள். ஐவர் மறுமொழி கூறவில்லை. இருவர் நிதியில்லை என்றனர். ஒருவர் அவள் எழுப்பிய வினாவின் மேல் இரண்டு ஐயங்களைக் கேட்டு எழுதினார். ஒருவர் காணொலி வழியே தம் குழுவினர் முன் அரைமணி நேரம் பேசும்படி அழைத்திருக்கிறார். அப்பேச்சு அடுத்த மாதம் நடைபெறும். அதற்கு முன் பள்ளிக்கு வந்து என் முன்னிலையில் ஒருமுறை பேசிப் பார்க்க விரும்புவதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்குப் பொருள் பாதியும் விளங்காது. ஆயினும் 'நான்' என்னும் சொல் தக்க இடத்தில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.